தூக்குவாளியில் பீட்ரூட் சூப்: தில்லியில் ஒரு ரஷ்ய வீட்டுச் சாப்பாடு

கிரீன் பார்க் பக்கம் ஒரு வீட்டின் முதல் மாடியில், சனிக்கிழமை மட்டும், ஒரு ரஷ்ய அம்மாள் மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறார். கடை கிடையாது, பலகை கிடையாது. வியாழக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் அந்த வாரத்துப் பட்டியல் வரும். வெள்ளி மதியத்துக்குள் சொல்லிவிட வேண்டும். சனிக்கிழமை பன்னிரண்டரைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஆள் வைத்து அனுப்பச் சொல்லலாம். டிசம்பர் கடைசியிலிருந்து ஆறு வாரம் வாங்கிவிட்டேன். நல்லது கெட்டது இரண்டையும் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் அப்பா மாஸ்கோவில், சுபோவ்ஸ்கி புல்வார் 17-ஆம் எண் கட்டடத்தில் இருந்த முன்னேற்றப் பதிப்பகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் நாலு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்கிப் படித்தவர்களுக்கு அந்தப் பதிப்பகத்தின் பெயர் மறந்திருக்காது. 1983-இல் போனோம், 1991-இல் திரும்பினோம். போகும்போது எனக்கு எட்டு வயது, வரும்போது பதினாறு. பல் விழுந்து முளைத்த காலத்திலிருந்து ரஷ்யப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு அறையிலும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அம்மா சுத்த சைவம். எட்டு வருஷம் அந்த ஊரில் சைவமாகவே இருந்து, எங்கள் மூன்று பேருக்கும் பொங்கிப் போட்டவள். இப்போது எழுபத்தெட்டு வயது, என்னோடு மயூர் விஹாரில் இருக்கிறாள். இந்த ஆறு வாரமும் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். கீழே சொல்லும் தீர்ப்பில் பாதி அவளுடையது.

முதலில் இந்தச் சமையலில் எனக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று சொல்லிவிடுகிறேன். ரஷ்யச் சாப்பாடு என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு சாலட், ஒரு பீட்ரூட் சூப், கொழுக்கட்டை மாதிரி ஒன்று என்று மூன்று பண்டத்தின் பெயரைச் சொல்வார்கள். ஓட்டல்களிலும் அப்படித்தான், தனித்தனிப் பண்டமாகப் பட்டியலில் இருக்கும். ஆனால் அங்கே மதியம் சாப்பிடுவது என்றால் அதற்கு ஒரு வரிசை உண்டு. பெர்வயே, வ்தரோயே, த்ரேத்யே: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. முதலாவது சூப். இரண்டாவது கறியோ மீனோ, கூடவே உருளைக்கிழங்கு மசியலோ ஏதாவது தானியச் சோறோ. மூன்றாவது குடிக்க ஏதாவது, பெரும்பாலும் உலர்ந்த பழங்களைக் கொதிக்கவைத்த கம்போத். ஆரம்பத்திலிருந்து முடிவு வரை கையில் ரொட்டி. பள்ளிக்கூடம், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், எங்கே போனாலும் இதே வரிசைதான். நம் சாம்பார், ரசம், மோர் மாதிரி. சாப்பிட உட்கார்ந்தவனுக்கு அடுத்தது என்ன வரும் என்று தெரியும். அந்த நிம்மதியைத்தான் இந்த அம்மாள் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார். தனிப் பண்டமாகக் கேட்டால் தருவதில்லை. சூப் வேண்டும் என்றால் மூன்றும் வாங்க வேண்டும். முதலில் எனக்கு இது கறாராகப் பட்டது. இரண்டாவது வாரம் அவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றிவிட்டது.

முதல் வாரம் ஆள் வைத்து வரவழைத்தேன். கிரீன் பார்க்கிலிருந்து மயூர் விஹார் வரும்வரை பையைச் சாய்த்தே கொண்டுவந்திருக்கிறார்கள். சூப் கசிந்து, சோறு, ரொட்டி, காகித உறை எல்லாம் பீட்ரூட் சிவப்பு. அனுப்பும் கூலி வேறு இருநூற்று எழுபது ரூபாய். அடுத்த வாரத்திலிருந்து நானே போகிறேன். மயூர் விஹாரிலிருந்து பிங்க் லைனில் ஏறினால் ஐ.என்.ஏ. வரை ஒரே வண்டி. அங்கே மார்க்கெட்டில் கறிவேப்பிலை, புழுங்கலரிசி, முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு, மஞ்சள் லைனில் மாறி இரண்டாவது ஸ்டேஷன் கிரீன் பார்க். பிளாஸ்டிக் டப்பாவில் சூடான சூப் வாங்க மனமில்லாமல் எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்த அந்த அம்மாள் தூக்கைப் பார்த்ததும், "பிதோன்சிக்!" என்றார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். முப்பத்தைந்து வருஷமாக யார் வாயிலும் கேட்காத வார்த்தை. பிதோன் என்பது மூடியும் வளைந்த கைப்பிடியும் உள்ள தகர வாளி. மாஸ்கோவில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். கோடையில் தெருமுனையில் மஞ்சள் நிறப் பீப்பாய் வண்டி வந்து நிற்கும். அதில் க்வாஸ், ரொட்டியைப் புளிக்கவைத்து எடுக்கும் பானம். சின்ன கிளாஸ் மூன்று கோபெக், பெரிய குவளை ஆறு கோபெக். வீட்டுக்கு வேண்டுமென்றால் பிதோனில் ஊற்றித் தருவார்கள். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பது எங்கள் வயசுப் பிள்ளைகளின் வேலை. அதை அவரிடம் ரஷ்யனில் சொன்னேன். என் ரஷ்யன் துருப்பிடித்திருந்தது. அவர் வோல்கா நதிக்கரை ஊரான சராத்தோவில் பிறந்தவர், தில்லிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறார். வாசலிலேயே கால் மணி நேரம் பேசினோம், பிறகுதான் சூப்பை ஊற்றினார்.

இனி சாப்பாடு.

போர்ஷ். இது உக்ரேனியச் சமையல் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022 ஜூலையில் யுனெஸ்கோ உக்ரேனிய போர்ஷ் சமைக்கும் மரபை உடனடியாகப் பாதுகாக்க வேண்டிய பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சமைப்பவரும் அதை மறைக்கவில்லை. வாட்ஸ்அப் பட்டியலில் "என் பாட்டியின் பொல்தாவா போர்ஷ்" என்றுதான் போடுகிறார். பாட்டி அந்த உக்ரேனிய ஊரில் பிறந்தவராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

நல்ல போர்ஷுக்கு அடையாளம் நிறம். பீட்ரூட்டைச் சும்மா வேகவிட்டால் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகிவிடும். துருவி, எண்ணெயில் வதக்கும்போதே கொஞ்சம் வினிகரோ தக்காளியோ சேர்த்துவிட வேண்டும். புளிப்பில்தான் அந்த நிறம் நிற்கும். கடைசியில் முட்டைக்கோஸ், பூண்டு, கைநிறைய உக்ரோப். இந்தக் கீரை தில்லியில் குளிர்காலம் முழுக்கச் சோயா என்ற பெயரில் வெந்தயக்கீரைக்குப் பக்கத்திலேயே கட்டுக் கட்டாகக் கிடைக்கும். நம் சதகுப்பைதான். வட இந்தியர்கள் உருளைக்கிழங்கோடு வதக்கிச் சாப்பிடுவார்கள். ரஷ்யர்களுக்கு இது இல்லாமல் கை ஓடாது. சூப்பிலும் உருளைக்கிழங்கிலும் ஊறுகாயிலும் தூவிக்கொண்டே இருப்பார்கள். இந்த வீட்டுப் போர்ஷில் நிறம் சரி, புளிப்பு சரி, பூண்டு சரி. உக்ரோப் மட்டும் கஞ்சத்தனமாக இருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப்பேருக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை என்றார். எனக்குத் தனியாக ஒரு பொட்டலம் மடித்துத் தருகிறார் இப்போது.

மறுநாள் சாப்பிட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று சொல்லி அனுப்பினார். உண்மைதான். பழங்குழம்பு மாதிரி. ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கரண்டி எடுத்து வையுங்கள்.

சைவத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே சூப் என்றாலே எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் தொடங்கும். நாங்கள் போன புதிதில் எதிர்வீட்டுப் பாட்டி அம்மாவுக்கு ஆசையாக ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்தார். கறி சாப்பிடமாட்டேன் என்று அம்மா சைகை காட்ட, பாட்டி கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்துவிட்டு மீதியை மறுபடி நீட்டினார். அன்பாகத்தான். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு அப்பா ஒரு வார்த்தை கற்றுக்கொடுத்தார்: போஸ்னயே. கிறிஸ்தவ நோன்பு நாட்களில் மாமிசம், பால், முட்டை இல்லாமல் சமைப்பதற்கு அந்தப் பெயர். சோவியத் காலத்தில் நோன்பு பற்றி யாரும் வெளியில் பேசமாட்டார்கள், ஆனால் வார்த்தை மட்டும் சமையலறையில் உயிரோடு இருந்தது. தாவர எண்ணெயை எல்லோரும் போஸ்னயே மாஸ்லா, அதாவது நோன்பு எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அம்மா எட்டு வருஷம் ஓட்டினாள்.

இந்த அம்மாளிடமும் அதே வார்த்தையைத்தான் சொன்னேன். சைவச் சூப்புக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி வைத்திருக்கிறார். காளான், காரட், வெங்காயம் வேகவைத்த தண்ணீரில் செய்கிறார். அம்மா இரண்டு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள். அவள் முகர்ந்து சம்மதித்துவிட்டால் நீங்களும் நம்பலாம்.

கிரேச்கா, அதாவது பக்வீட் விதைச் சோறு. அதற்கு ஒரு பத்தி போதாது. தில்லியில் குட்டு என்று சொல்வார்களே, நவராத்திரி விரதத்தில் அந்த மாவில் பூரியும் பக்கோடாவும் சுடுவார்கள், அதே விதைதான். புல் இனத்துத் தானியமே அல்ல, சுக்கான்கீரைக் குடும்பத்துச் செடியின் விதை. அதனால்தான் தானியம் ஒதுக்கும் விரதத்திலும் அதற்கு இடம். இங்கே மாவாக்கி வருஷத்தில் பதினெட்டு நாள் சாப்பிடும் பண்டத்தை ரஷ்யர்கள் முழுசாக வறுத்து, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் சோறாகச் சாப்பிடுகிறார்கள். காலையில் பால் ஊற்றி, மதியம் கறியோடு, இரவில் வதக்கிய வெங்காயமும் காளானும் போட்டு. எங்கள் வீட்டில் அம்மா அதற்குக் கடுகு தாளித்து, காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு உப்புமாவாகக் கிண்டினாள். எங்கள் மாடியில் இருந்த பிள்ளைகள் அந்த வாசனைக்கு வாசலில் வந்து நிற்பார்கள்.

சமைக்கும் முறை எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர், உப்பு, மூடி. கிளறவே கூடாது. தண்ணீர் வற்றியதும் இறக்கி, பாத்திரத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அதன்மேல் போர்வை சுற்றி, தலையணைக்கடியில் அரை மணி வைத்துவிட வேண்டும். நான் பள்ளியிலிருந்து வரும்போது எதிர்வீட்டுப் பாட்டியின் கட்டிலில் போர்வைக்கடியில் ஏதோ குழந்தை படுத்திருப்பதுபோல் ஒரு பானை இருக்கும். இந்த அம்மாளும் அப்படித்தான் வைக்கிறார். சமையலறை மூலையில் பழைய ரஜாயில் சுற்றிய அண்டாவை எனக்குக் காட்டினார். மணி மணியாக, உடையாமல், வறுத்த வாசனையோடு வருகிறது. மேலே ஒரு கட்டி வெண்ணெய். ஆறு வாரத்தில் ஒரு வாரம்கூடப் பிசகவில்லை. அம்மாவின் ஒரே குறை உப்பு குறைவு என்பது.

நீங்களே சமைக்க நினைத்தால் ஒன்று கவனியுங்கள். உடம்புக்கு நல்லது என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் வறுக்காத, வெளிர்ப்பச்சை விதை. அதை இப்படி வைத்தால் குழைந்து வழவழவென்று போய்விடும். வறுத்த பழுப்பு நிறம்தான் வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தூதரகக்காரர்கள் சாமான் வாங்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பச்சையை வாங்கி வெறும் வாணலியில் மிதமான தீயில், நிறம் மாறி மணம் வரும்வரை வறுத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.

ரொட்டி. கறுத்து, கனமாக, புளிப்பாக இருக்கும், ரை என்ற தானியத்தில் செய்த ரொட்டி. முதல் வாரம் நடுவில் பிசுபிசுவென்று இருந்தது. நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கிடைத்த ரை மாவு வேறு, அடுப்பு வேறு, குளிரில் புளிமா ஏறவில்லை என்றார். தில்லி ஜனவரியில் தோசைமாவு பொங்காமல் தவிக்கும் எனக்கு அது தெரியாதா? மூன்றாவது வாரத்திலிருந்து சரியாகிவிட்டது. மேலே கொத்தமல்லி விதை ஒட்டியிருக்கும். அதைக் கடிக்கும்போது வரும் வாசனை, நாங்கள் அந்த ஊருக்குப் போன முதல் வாரத்தில் அம்மாவுக்குத் தெரிந்த ஒரே வாசனை. தனியா போட்ட ரொட்டி என்பதால்தான் அவள் அதைத் தொட்டாள்.

எதிர்வீட்டுப் பாட்டி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராட் நகரத்தை முற்றுகையிட்டபோது அங்கே சிறுமியாக இருந்தவர். 1941 நவம்பர், டிசம்பரில் அந்த நகரத்தில் குழந்தைகளுக்கும் வேலையில்லாதவர்களுக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அதிலும் முழுக்க மாவு கிடையாது, பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்தது. அந்தப் பாட்டி சாப்பிட்டு முடித்ததும் மேஜையில் சிந்திய துகளை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொள்வார். ஒருநாள் பாதி ரொட்டியை நான் குப்பையில் போட்டதைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. எடுத்துத் துடைத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் ரொட்டி குப்பைக்குப் போகாது. இந்த அம்மாளிடம் அரை ரொட்டி கேட்டால் அரையாகவே நறுக்கித் தருகிறார். வீணாக்காதீர்கள் என்று வேறு சொல்லிக் கொடுக்கிறார். முழு ரொட்டி முந்நூறு ரூபாய். நான்கு நாள் கெடாது. காய்ந்துபோனால் உப்பும் நோன்பு எண்ணெயும் தடவித் தவாவில் வாட்டுங்கள்.

மற்ற சூப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டாணிப் பருப்பு சூப் கெட்டியாக, நன்றாக இருந்தது. அம்மா அதற்குப் பெருங்காயம் போட்டுச் சோற்றில் பிசைந்துகொண்டாள். மாஸ்கோவில் துவரம்பருப்பு கிடைக்காத மாதங்களில் இந்த உடைத்த பட்டாணிதான் எங்களுக்குச் சாம்பாரும் வடையும். புளித்த முட்டைக்கோஸில் செய்யும் ஷி அசல் வீட்டுச் சுவை. கோஸைத் தானே பெரிய ஜாடியில் உப்புப் போட்டு அமுக்கிவைக்கிறார். உப்பு ஊறுகாய் வெள்ளரிக்காய் போட்ட ரஸ்ஸோல்னிக் எனக்குப் பிடித்தது, அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

இனி குறைகள். ஸ்மெதானா என்ற புளித்த பாலேடு இல்லாமல் போர்ஷ் கிடையாது. இவர் தொங்கவிட்ட தயிரை அடித்துத் தருகிறார். சூடான சூப்பில் போட்டதும் திரிந்து வெள்ளைத் துணுக்காக மிதக்கிறது. ஸ்மெதானாவில் கொழுப்பு வழக்கமாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், அதனால் எளிதில் திரியாது. தயிரில் அது இல்லை. பாலேட்டைக் கொஞ்சம் தயிர் விட்டு உறையவைத்தால் நெருங்கி வரும் என்று அம்மா சொல்லியனுப்பினாள். இன்னும் மாற்றவில்லை. நாங்கள் வீட்டிலேயே உறைகுத்திக்கொள்கிறோம்.

கத்லேத்தா என்பது நம் கட்லெட் அல்ல. அரைத்த கறியில் பாலில் ஊறவைத்த ரொட்டி பிசைந்து வார்த்த வடை. உள்ளே மெத்தென்று சாறோடு இருக்க வேண்டும். இவர் கோழியில் செய்கிறார், மூன்று தடவையில் இரண்டு தடவை உலர்ந்திருந்தது. மீன் நன்றாக இருக்கிறது. பெல்மேனியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு எடுத்துப்போகவே கூடாது. வெந்த மாவுப் பொட்டலங்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பிண்டமாகிவிட்டன. வேகாததை உறையவைத்து விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன், சொல்லியிருக்கிறேன்.

கெஃபீர் என்ற புளித்த பால் தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். அரை லிட்டர் நூற்றைம்பது ரூபாய், கண்ணாடி பாட்டிலில். திருப்பிக் கொடுத்தால் முப்பது ரூபாய் கழித்துக்கொள்கிறார். எங்கள் காலத்தில் கெஃபீர் பாட்டிலுக்குப் பச்சைத் தகட்டு மூடி, பாலுக்கு வெள்ளி மூடி. அம்மாவுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாத முதல் வருஷம், மூடியின் நிறம் பார்த்துத்தான் வாங்குவாள். அந்தக் கெஃபீரில்தான் எங்கள் மோர்க்குழம்பும் தயிர்சாதமும். கிராஸ்னதார் பக்கம் விளையும் உருண்டை அரிசி ஒட்டிக்கொள்ளும். சாம்பாருக்கு ஆகாது, தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி இல்லை. பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் வேண்டுமென்றால் செர்யோமுஷ்கி சந்தைக்குப் போக வேண்டும். அங்கே மத்திய ஆசியாவிலிருந்தும் காகசஸிலிருந்தும் வந்த வியாபாரிகள் கட்டு கட்டாக வைத்திருப்பார்கள், விலை யானை விலை. இந்த அம்மாளின் கெஃபீர் லேசாக நுரைத்து, மூக்கில் ஏறும் புளிப்போடு இருக்கிறது. கடைகளில் கெஃபீர் என்று விற்கும் தித்திப்புத் தயிரோடு இதை ஒப்பிடக்கூடாது. அம்மா இரண்டு பாட்டில் வாங்கச் சொல்கிறாள். ஒன்று குடிக்க, ஒன்று கடுகு, இஞ்சி தாளித்துச் சோற்றில் போட.

மூன்றாவதாக வரும் கம்போத்தில் சர்க்கரை அதிகம். தண்ணீர் கலந்து குடியுங்கள். ஒரு வாரம் அதற்குப் பதில் டீ கொடுத்தார். டிகாஷனைத் தனியே சின்னக் குப்பியில், வெந்நீர் நாமே கலந்துகொள்ள வேண்டும். ரஷ்யர்கள் அப்படித்தான் குடிப்பார்கள். சின்ன கெண்டியில் ஸவார்கா என்ற கெட்டிச் சாயம், அதில் கொஞ்சம் ஊற்றி அவரவர் பதத்துக்குக் கொதிநீர் சேர்ப்பார்கள். நம் வீட்டு ஃபில்டர் காப்பி டிகாஷன் முறையேதான். பாலுக்குப் பதில் ஒரு கிண்ணியில் பழ ஜாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே எல்லோரும் தேடியது யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலை. அது கிடைத்தால் வீட்டுக்கு விருந்தாளி கூப்பிடுவார்கள். நம் ஊர்த் தேயிலைக்கு அங்கே அந்த மதிப்பு இருந்ததில் எனக்குப் பள்ளியில் பெரிய பெருமை.

விலை: ஒரு ஆளுக்கு மூன்று வரிசைச் சாப்பாடும் இரண்டு துண்டு ரொட்டியும் சைவம் அறுநூறு, அசைவம் எழுநூறு. குறைவில்லை. ஆனால் அளவு தாராளம். சூப் மட்டுமே அரை லிட்டர், எங்கள் இருவருக்கும் ஒரு சாப்பாடு இரவுக்கும் மிஞ்சும். அந்தக் காசுக்கு தில்லி ஓட்டல் ஒன்றில் ஒரு சாலட்கூட வராது.

ஒரு யோசனை: வாங்கிவந்ததை எல்லாம் தட்டில் ஒரே சமயத்தில் பரப்பாதீர்கள். சூப்பை முதலில், சூடாக, ரொட்டியைக் கடித்துக்கொண்டு சாப்பிடுங்கள். கிண்ணம் காலியான பிறகு இரண்டாவது. சூப் குடிக்காத பிள்ளைக்கு வயிறு புண்ணாகும் என்று ரஷ்யப் பாட்டிகள் எல்லோரும் சொல்வார்கள். டாக்டர்கள் என்ன சொல்வார்களோ, தில்லிக் குளிரில் பனிமூட்டத்துக்குள் நடந்து வந்து அந்த முதல் கரண்டி உள்ளே போகும்போது பாட்டிகள் சொன்னதை நான் நம்புகிறேன்.

போன சனிக்கிழமை மாஸ்லெனித்ஸா வாரம். நோன்புக்கு முந்தைய வாரம், வீட்டுக்கு வீடு ப்லினி சுடுவார்கள், மெல்லிய கோதுமை தோசை. பட்டியலில் இரண்டாவதுக்குப் பதில் ஆறு ப்லினி, ஒரு கிண்ணியில் தேன். அந்த அம்மாள் கல்லிலிருந்து எடுக்க எடுக்க வெண்ணெய் தடவி அடுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் ப்லினி கட்டியாகத்தான் வரும் என்று ரஷ்யனில் ஒரு பழமொழி உண்டு. முதல் தோசை கல்லுக்கு என்று எங்கள் வீட்டில் சொல்வதை நான் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பிய்ந்துபோயிருந்த முதல் ப்லினியை மடித்து என் கையில் கொடுத்தார். நின்றபடியே தின்றேன். வீட்டில் அம்மா மீதி ஐந்தில் மூன்றுக்கு மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டாள்.

மார்ச் வரை பட்டியல் இப்படியே போகும் என்கிறார். வெயில் வந்ததும் அக்ரோஷ்கா, அதாவது வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு, முட்டை, வெங்காயத்தாள் எல்லாம் பொடியாக நறுக்கிக் குளிர்ந்த க்வாஸிலோ கெஃபீரிலோ போடும் சூப். அம்மாவுக்கு முட்டை இல்லாமல் தனியாகச் செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். க்வாஸுக்கு ரொட்டிப் பொருக்குகளை இப்போதே காயவைத்துச் சேர்க்கிறாராம். சரோஜினி நகரில் இன்னொரு தூக்குவாளி வாங்கிவிட்டேன். சூப் ஊற்றிய தூக்கில் க்வாஸ் ஊற்றக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு.